பொருள்: லேசர் என்கிரேவருக்கு வாரண்டி மறுத்தது, பெட்டியில் தவறான வாட் அச்சிட்டது குறித்துப் புகார்

மதுரை

ஐயா / அம்மையீர்,

கடந்த தை மாதம் உங்களிடம் ரூ. 24,500 கொடுத்து லேசர் என்கிரேவர் ஒன்று வாங்கினேன். கல்யாண வீட்டுத் தாம்பூலப் பையில் போட்டுக் கொடுக்கும் மரக் கீசெயினில் பெயர் பொறிப்பது என் ஓய்வுநேர வேலை.

நான்காவது மாதமே ஒய் அச்சு (லேசர் தலையை முன்னும் பின்னும் நகர்த்தும் பகுதி) இடறத் தொடங்கியது. எழுத்துகள் படிக்கட்டு மாதிரி விலகி விழுகின்றன. பெல்ட்டை இறுக்கினேன், புல்லி திருகைப் பார்த்தேன், வேகத்தைப் பாதியாகக் குறைத்தேன், பலனில்லை. இரண்டு மோட்டார் பிளக்குகளையும் மெஷினின் மின்சுற்றுப் போர்டில் இடம் மாற்றிச் செருகியதும் கோளாறு எக்ஸ் அச்சுக்கு (இட வலமாக நகரும் பகுதிக்கு) தாவியது. மோட்டார் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது போர்டிலுள்ள டிரைவர், அதாவது மோட்டாரை இயக்கும் சில்லு.

உங்கள் சேவை மையமோ, "மெஷினை மாத்தியிருக்கீங்க சார், வாரண்டி கிடையாது" என்று முடித்துவிட்டது. நான் செய்த மாற்றம் இதுதான்: மீன்தொட்டிக்கு வைக்கும் காற்று மோட்டார் ஒன்று, ஒரு சிலிகான் டியூப், இரண்டு கேபிள் டை. அது தனி பிளக்கில் ஓடுகிறது. உங்கள் வயர் ஒன்றைக்கூட நான் வெட்டவில்லை, ஒட்டவில்லை. வெட்டுமிடத்தில் காற்று ஊதினால் புகை விலகும், லென்ஸில் கரி படியாது, பிளைவுட் ஓரமும் அவ்வளவாகக் கருகாது. இதையேதான் 'ஏர் அசிஸ்ட்' என்று நீங்கள் தனியாக விற்கிறீர்கள்.

பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 40 வாட். லேசர் தலையின் பின்பக்க ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் அலைநீளம் 450 நானோமீட்டர், ஒளித்திறன் 5 வாட். கூட வந்த அடாப்டர் 12 வோல்ட், 5 ஆம்பியர். மொத்தமே 60 வாட். மோட்டார், போர்டு, விசிறி எல்லாம் அதிலேதான் ஓட வேண்டும். லேசர் ஒளியைத் தரும் நீல டயோடு இழுக்கும் மின்சாரத்தில் பாதிகூட ஒளியாவதில்லை, மீதி சூடுதான். பிறகு 40 வாட் ஒளி எங்கிருந்து வரும்? 3 மி.மீ. பிளைவுட்டை 'ஒரே ஓட்டத்தில்' வெட்டும் என்று போட்டிருந்ததை நம்பியவன், இன்று அதே கோட்டில் நாலைந்து தடவை ஓட்டிக்கொண்டிருக்கிறேன்.

இவற்றைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பாதுகாப்புக் கண்ணாடி விஷயத்தை முடியாது. அரை வாட்டைத் தாண்டினாலே அது ஆபத்து வரிசையில் கடைசியான நான்காம் வகுப்பு லேசர், பட்டுத் தெறிக்கும் ஒளியே கண்ணைக் கெடுக்கும். நீங்கள் தந்த பச்சைக் கண்ணாடியில் எந்த அலைநீளத்துக்கு, எவ்வளவு தடுக்கும் என்று ஓர் எழுத்தும் இல்லை. நான் ரூ. 1,800 கொடுத்து வேறு வாங்கிக்கொண்டேன். வீட்டில் எட்டு வயது மகள் இருக்கிறாள். அவள் பள்ளிக்குப் போனபிறகுதான் மெஷினையே போடுகிறேன்.

போர்டை வாரண்டியில் மாற்றித் தாருங்கள். 450 நானோமீட்டருக்கென்று அச்சிட்ட கண்ணாடி அனுப்புங்கள். பெட்டியிலும் விளம்பரத்திலும் உண்மையான ஒளித்திறனைப் போடுங்கள். போர்டு தர மனமில்லையென்றால் மெஷினை எடுத்துக்கொண்டு பணத்தைத் திருப்பித் தாருங்கள். 15 நாளில் பதில் வராவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், ஸ்டிக்கரின் படம், எழுத்து விலகிப்போன பலகைத் துண்டு ஒன்று