மூடும் முன் ஒரு முறை பாருங்கள்

மதிப்பிற்குரிய மருத்துவமனை நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். எங்கள் மகளின் இதய அறுவைக் கோப்பு உங்களிடமே இருக்கிறது, முழுக்கதை தேவையில்லை. முதல் மனுவுக்கு "பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வந்தது. இரண்டாவதற்கு அதுவும் இல்லை. அதனால்தான் எல்லோரும் படிக்கும்படி இந்த மடல்.

அறுவை முடிந்த மூன்றாம் நாள். வென்டிலேட்டரை எடுக்கப் பார்க்கிறார்கள், முடியவில்லை. எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) எடுக்க வந்தவர் நாலு கிலோ குழந்தையின் மார்பில், கட்டுக்கும் வடிகுழாய்க்கும் நடுவே, படமெடுக்கும் கருவிமுனையான புரோப்பை வைக்க இடம் தேடித் தேடிப் பார்த்தார். ஒருவழியாகத் தெரிந்தது: இதயத்தின் துளையை அடைத்த ஒட்டின் ஓரத்தில் பெரிய கசிவு. மறுநாள் அதே தையலைப் பிரித்தார்கள்.

அறுவையின்போது இதயத்தின் வேலையைப் பார்க்கும் பம்ப்பிலிருந்து இறக்கியதுமே தியேட்டரில் இதைப் பார்த்திருக்கலாம். உணவுக்குழாய் இதயத்தின் இடது மேலறைக்கு நேர் பின்னால்தான் போகிறது. வாய்வழியே அதில் இறக்கும் புரோப்புக்கு விலா எலும்பும் மறைப்பதில்லை, கட்டும் மறைப்பதில்லை. சிறு கசிவென்றால் விட்டுவிடலாம். பெரிதென்றால் மறுபடி பம்ப்பில் ஏற்றி அங்கேயே சரிசெய்யலாம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது!

குழந்தைகளுக்கான புரோப் பழுதுபார்க்கப் போயிருந்ததாம். பெரியவர்களுக்கானதை இவளுக்குள் இறக்க முடியாது, மூச்சுக்குழாயை அழுத்திவிடும். சரி, சாதாரணப் புரோப்பையே கிருமி நீக்கிய உறையில் போட்டு இதயத்தின் மேல் வைத்துப் பார்த்திருக்கலாமே? பார்த்துச் சொல்லும் மருத்துவர் அந்நேரம் வெளிநோயாளிப் பிரிவில் இருந்தாராம். அறுவை செய்தவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

நான் கேட்பது ஒன்றுதான்: எக்கோவில் பார்க்காமல் எந்தக் குழந்தையின் மார்பையும் மூடாதீர்கள்.

இரண்டரை கிலோ குழந்தைக்கும் இறங்கும் மெல்லிய புரோப் வந்து பல வருடங்கள் ஆகின்றன. உங்கள் வரவேற்புக் கூடத்துத் திரை ஒருநாள் அணைந்தபோது, மதியத்துக்குள் ஆள் வந்து சரிசெய்ததைப் பார்த்தேன். இரண்டாம் அறுவையின் பில்லும் ஒருநாள்கூடத் தாமதிக்கவில்லை. மன்னிக்கவும், பேச்சு எங்கோ போகிறது.

ஒன்று பழுதானால் எடுக்க இன்னொரு புரோப், படத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் தியேட்டரில். இரண்டும் இல்லாத நாளில், அவசரமில்லாத அறுவையைத் தள்ளிவையுங்கள். காரணத்தைப் பெற்றோரிடம் சொல்லுங்கள், காத்திருப்போம். பார்க்காமல் மட்டும் மூடாதீர்கள், தயவுசெய்து.

மகள் இப்போது நன்றாகத் தவழ்கிறாள். 14-ம் தேதி பரிசோதனைக்கு அங்கேதான் வருகிறோம். பதிலை அன்று கையில் கொடுத்தாலும் சரி.

இப்படிக்கு,
ஒரு தாய்