பொதி விநியோகம்: திரும்பி வரும் தூரத்துக்கு யார் காசு கொடுப்பது?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஓட்டோவோ மோட்டார் சைக்கிளோ வைத்திருக்கும் எவரும் ஓய்வு நேரத்தில் பொதி விநியோகித்துச் சம்பாதிக்கலாம் என்று செயலிகள் ஆள் சேர்க்கின்றன. அமேசன் 2015இல் அமெரிக்காவில் ‘ஃபிளெக்ஸ்’ என்ற பெயரில் தொடங்கியதும் இதே முறைதான்: வாகனமும் எண்ணெயும் சாரதியுடையது, ஓடிய வேலைக்கு மட்டும் கூலி. பஸ் நடத்துனரிடம் பார்சல் கொடுத்தனுப்பிப் பழகிய நமக்கு இது பெரிய புதுமை அல்ல. ஆனால் பஸ் எப்படியும் வருகிற வண்டி. ஒரு பொதிக்காகவே வண்டியை எடுப்பது வேறு கணக்கு.

மலையகத்தில் பிரதான வீதியிலிருந்து தேயிலைத் தோட்டப் பாதையில் 6 கி.மீ. உள்ளே ஒரு பொதி கொடுக்க வேண்டும் என்று வையுங்கள். போக வர 12 கி.மீ. ஏற்றத்தில் ஓட்டோ லீற்றருக்கு 20 கி.மீ. ஓடும், பெற்றோல் லீற்றர் 300 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் எண்ணெய்க்கு மட்டும் 180 ரூபாய். கல் பெயர்ந்த பாதையில் மணிக்கு 15 கி.மீ.க்கு மேல் ஓட முடியாது. முக்கால் மணி நேரத்துக்கு மேல் போய்விடும். செயலி 250 ரூபாய் தந்தால் கையில் மிஞ்சுவது 70. டயர், கிளட்ச் பிளேட், பிரேக் லைனர் எல்லாம் அதற்குள்தான். போகும் தூரத்துக்கு மட்டும் கூலி போட்டால் திரும்பும் 6 கி.மீ. சாரதியின் தலையில் விழுகிறது.

அதே தோட்டத்துக்கு நான்கு பொதிகள் சேர்ந்தால் கதை மாறும். அந்த வழியில் தினமும் போகும் ஆசிரியருக்கோ பால் சேகரிக்கும் வண்டிக்காரருக்கோ ஒரு பொதியே லாபம்தான். நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடை மெனிங் சந்தைக்குப் போகும் லொறிகள் திரும்பும்போது காலியாக இருக்கும் இடத்தையும் யாராவது கணக்கில் எடுத்தால் நல்லது.

அடுத்த தலைவலி முகவரி. தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயன் காம்பராக்கள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லாததால் கடிதங்களே தோட்டக் காரியாலயத்துக்குத்தான் போகின்றன. தோட்டத்தின் பெயர் மட்டும் போதாது. எந்தப் பிரிவு, எந்த லயம், பக்கத்தில் கோயிலா கடையா என்று நகரத்தை விட்டுக் கிளம்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளத்தில் இருக்கும் தோட்டங்களில் சிக்னல் கிடைக்காது, பொதியைக் கொடுத்ததை உறுதிசெய்யத் தொலைபேசிக்கு வரும் கையளிப்பு இலக்கமும் வந்து சேராது. பகலில் வீட்டுக்காரர் கொழுந்து மலையில் இருப்பார். பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தால் பிறகு பொதி வரவில்லை என்ற முறைப்பாடு வரும். தோட்டச் சந்தியில் உள்ள கடையைப் பொறுப்பிடமாக வைத்து, கையெழுத்தும் படமும் எடுத்துக் கொடுப்பதே சச்சரவில்லாத வழி.

பொருளைக் கொடுத்துப் பணம் வாங்கும் பொதிகள் சம்பள நாளுக்கு முந்திய வாரத்தில் அதிகம் திரும்பி வரும். திருப்பிய பொதிக்குக் கூலி உண்டா என்று சேரும்போதே கேட்க வேண்டும். வசூலித்த பணத்தை அன்றன்றே கட்டிவிடுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் செயலி காட்டிய தொகையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைப்பதும் அவசியம். ஃபிளெக்ஸ் சாரதிகளுக்கு வாடிக்கையாளர் கொடுத்த டிப்ஸ் பணம் பிடித்துவைக்கப்பட்ட விவகாரத்தில், அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் 2021இல் ஏற்பட்ட இணக்கப்பாட்டின்படி அமேசன் 6 கோடியே 17 இலட்சம் டொலர் கட்ட வேண்டியதாயிற்று. அங்கேயே அப்படி.

காப்புறுதியைப் பலர் பார்ப்பதே இல்லை. சொந்தப் பாவனைக்கு எடுத்த காப்புறுதி, கூலிக்குப் பொதி ஏற்றும்போது நடந்த விபத்துக்குச் செல்லாமல் போகலாம். சான்றிதழில் பாவனை பற்றிய பகுதியை வாசித்து, காப்புறுதி நிறுவனத்திடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். பொதிக்குள் இருக்கும் பொருளுக்கான பொறுப்பு அதிலிருந்து வேறு.

தனிநபர் கொடுக்கும் ஒட்டிய பொதியைத் திறந்து பார்க்காமல் ஏற்ற வேண்டாம். அனுப்புபவரின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் போதைப்பொருள் அகப்பட்டால் முதலில் பிடிபடுவது சாரதிதான். காட்போட் பெட்டி நம் மழையில் ஊறிப் பிரிந்துவிடும். இரண்டு பொலித்தீன் உறை போட்டு, தொலைபேசி இலக்கத்தை உள் உறையிலும் எழுத வேண்டும். ஸ்கூட்டரில் பாரமேற்றி நீண்ட இறக்கத்தில் பிரேக்கையே பிடித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பு விட்டுவிடும். கியர் வண்டி என்றால் ஏறிய கியரிலேயே இறங்குங்கள், நியூட்ரலில் விட வேண்டாம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பிரதேச செயலகப் பிரிவுக்கு மண்சரிவு எச்சரிக்கை விடுத்திருக்கும்போது அந்தப் பக்கத்துப் பொதியை மறுக்கச் சாரதிக்கு உரிமை வேண்டும். அந்த மறுப்புக்கு மதிப்பெண் குறைக்கும் செயலியில் மலையகச் சாரதிகள் சேராதிருப்பதே நல்லது.

இவ்வண்ணம்,
வாசகர்,
ஹட்டன்.