திருநீறு போட்டுத் தேய்த்துவிடாதே

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் வந்தது. அம்மாவின் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே சின்னவளுக்குத் திருச்சியில் வேலை கிடைத்திருக்கிறது, வீடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

பாட்டி பெட்டியில் கிடைத்த வெள்ளி ரூபாய்களுக்குத் தரச்சான்று வாங்கலாமா என்று கேட்டிருந்தாய். வாங்கலாம். காசு எவ்வளவு தேயாமல் இருக்கிறது என்று பார்த்து, தரம் பார்ப்பவர்கள் ஒரு எண் போட்டு டப்பாவில் அடைத்துத் தருவதுதான் அந்தச் சான்று. ஆனால் அதற்குள் யாரும் பூஜைச் சாமானோடு சேர்த்து அவற்றையும் திருநீறு போட்டுத் தேய்த்துவிடாமல் பார்த்துக்கொள். கருத்த காசு கருத்தபடியே இருக்கட்டும். தேய்த்த காசில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மெல்லிய கோடுகள் ஒரே பக்கமாக ஓடும், மினுமினுப்பு செத்திருக்கும். அதற்கு எண் கிடைக்காது. சுத்தம் செய்யப்பட்டது என்று குறித்துத்தான் டப்பாவில் அடைத்துத் தருவார்கள். காசுமாலைக்காக வளையம் பற்றவைத்த காசுக்கும் இதே கதிதான்.

தரம் 1 முதல் 70 வரை. அமெரிக்காவின் பழைய செப்புக் காசுகளுக்காக ஷெல்டன் என்பவர் 1949-இல் வகுத்த கணக்கு இது. 60-உம் அதற்கு மேலும் வாங்கினால் புழங்காத காசு. நீயே ஓரளவு பார்த்துவிடலாம். ஒற்றை விளக்கடியில் காசை விளிம்பில் பிடித்து மெல்லச் சாய்த்துப் பார். புழங்காததில் ஒளி சக்கரத்தின் ஆரங்கள் போலச் சுற்றி வரும். புழங்கியதில் மேடான இடங்கள், அதாவது ராஜாவின் கிரீடம், புருவம், காது, முதலில் மழுங்கும். அப்புறம் நகைக்கடைத் தராசில் வை. நல்ல ரூபாய் 11.66 கிராம். தேய்மானத்தில் கொஞ்சம் குறையலாம், ரொம்பக் குறைந்தால் சந்தேகப்படு.

1911 ஒன்று இருக்கிறது என்றாயே, அதுதான் எனக்கு ஆசையைக் கிளப்புகிறது! ஐந்தாம் ஜார்ஜின் அங்கியில் இருக்கும் யானை பன்றி மாதிரி தெரிகிறது என்று எதிர்ப்புக் கிளம்பி, அந்தக் காசைத் திரும்பப் பெற்றார்கள். 1912-இல் யானையைத் திருத்திவிட்டார்கள். அதற்குச் சான்று வாங்குவது நியாயம். நன்றாகத் தேய்ந்துபோன 1918-க்கெல்லாம் கட்டணம் கட்டுவது வீண். வெள்ளி விலையைவிடப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

வெளிநாட்டுக்கு மட்டும் அனுப்பிவிடாதே. நூறு வயது தாண்டிய காசு 1972-ஆம் வருடத் தொல்பொருள் சட்டத்தில் வருகிறது, தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. இந்தியாவிலேயே தரம் பார்ப்பவர்களிடம் கொடு.

அந்த 1911-ஐ இரண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்பு. யானை தெளிவாக விழட்டும்.

அன்புடன்,
முரளி