கனத்த உணர்வுக்காக நிலைமத்தைக் கூட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி விமான சிமுலேட்டரில் சிறிய விமானம் பொம்மை மாதிரி துள்ளுகிறதா, நிலைமத் திருப்புத்திறனை (சுழலத் தொடங்கவும் சுழல்வதை நிறுத்தவும் விமானம் காட்டும் எதிர்ப்பை) நான்கைந்து மடங்கு கூட்டிவிடுங்கள் என்று சென்ற இதழ்க் கட்டுரை யோசனை சொல்லியிருந்தது. தயவுசெய்து வாசகர்கள் யாரும் அதைச் செய்ய வேண்டாம். துள்ளல் குறைந்த மாதிரி தெரியும். ஆனால் விமானம் கெட்டுப்போகும்.

செஸ்னா 172 என்ற சிறிய விமானத்துக்கு உருளல் நிலைமம், அதாவது இடவலமாகச் சாய்வதற்கான நிலைமம், சுமார் 948 ஸ்லக்-சதுர அடி (ஸ்லக் என்பது அடி-பவுண்டு முறையின் நிறை அலகு). இறக்கையோ முனைக்கு முனை 11 மீட்டர். உருளும்போது கீழிறங்கும் பக்கத்து இறக்கையில் தாக்குகோணம் (எதிர்வரும் காற்றோடு இறக்கை அமைக்கும் கோணம்) கூடுவதால், காற்றே அந்த உருளலைத் தடுக்கிறது. 100 நாட் (மணிக்கு 100 கடல் மைல்) வேகத்தில் இந்தத் தடுப்பு மிக வலுவானது. உருளல் வேகம் நிலைபெற அரை வினாடிகூட ஆகாது. கைப்பிடியை நடுவுக்குக் கொண்டுவந்தால் உருளல் உடனே நிற்க வேண்டும், சாய்வு மட்டும் அப்படியே இருக்க வேண்டும். நிலைமத்தை ஐந்து மடங்காக்கினால் கைப்பிடி நடுவுக்கு வந்த பிறகும் விமானம் உருண்டுகொண்டே போகும். எதிர்ப்பக்கம் தட்டித்தான் நிறுத்த முடியும். இதைத்தான் பலர் ‘கனம்’ என்று நினைத்துக்கொள்கிறார்கள். அலகையும் கவனியுங்கள்: கிலோகிராம்-சதுர மீட்டரில் அதே அளவு 1285. ஸ்லக் கேட்கும் இடத்தில் இதைப் போட்டால் நிலைமம் 36 சதவீதம் கூடிவிடும்.

துள்ளலுக்கு உண்மையான காரணம் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்தான். நிஜ விமானத்தில் கைப்பிடிக்கு நீண்ட ஓட்டம் உண்டு, வேகம் கூடக்கூடக் காற்றின் எதிர்ப்பும் கூடும். மேசை ஜாய்ஸ்டிக்கை மணிக்கட்டின் ஒரு சிறு அசைவே கடைசிவரை கொண்டுபோய்விடும். அதற்கு மருந்து ஜாய்ஸ்டிக் அமைப்பில்தான் இருக்கிறது: நடுப்பகுதியைச் சற்று மென்மையாக்கும் வளைகோடு, நடுக்கம் இருந்தால் மட்டும் இரண்டு மூன்று சதவீத மந்தப் பகுதி (அசைத்தாலும் விமானம் பொருட்படுத்தாத நடுப்பகுதி). கையின் குறையைக் கையிலேயே சரிசெய்யுங்கள். விமானத்தின் எண்கள் இருக்கும் சிமுலேட்டர் கோப்பைத் தொடாதீர்கள்.

கோப்பைத் தொட வேண்டியிருந்தால் வரிசை முக்கியம். முதலில் எடையும் ஈர்ப்பு மையமும். செஸ்னா 172எஸ் ரகத்தின் உச்ச எடை 2550 பவுண்டு. அந்த எடையில் ஈர்ப்பு மையம் ஃபயர்வாலிலிருந்து (என்ஜினுக்கும் விமானி அறைக்கும் இடையிலான தடுப்புச் சுவர்) 41 முதல் 47.3 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும். மொத்த இடைவெளியே 6.3 அங்குலம்தான். சிமுலேட்டர் வேறொரு புள்ளியிலிருந்து அளக்கிறது என்பதை மறந்து கையேட்டு எண்ணை அப்படியே போட்டால், பிறகு எந்த நிலைத்தன்மை எண்ணை மாற்றியும் பயனில்லை.

அடுத்து ஏற்றுவிசை, அதாவது விமானத்தை மேலே தூக்கும் விசை. அதிகம் பேர் வழுக்கும் இடம் இது. ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் கீழே இறங்கும் மடிப்பு) முழுதாக இறக்கிய நிலையில் ஸ்டால் வேகம் (இதற்குக் கீழே இறக்கையால் விமானத்தைத் தாங்க முடியாது) 40 நாட் என்று கையேடு சொல்வது மானி காட்டும் வேகம். பிழை திருத்திய வேகம் 48 நாட். பெரிய தாக்குகோணத்தில் மானி குறைத்துக் காட்டும் என்பதே காரணம். சிமுலேட்டரில் அந்த மானிப்பிழை அமைக்கப்படாதபோது 40-க்குப் பொருத்தினால், உச்ச ஏற்றுவிசை ஏறத்தாழ 44 சதவீதம் அதிகமாகிவிடும். இறங்கும்போது விமானம் ஓடுபாதையைத் தொடாமல் மிதந்துகொண்டே போவதற்கு இது ஒன்றே போதும். ஃபிளாப் இறக்காதபோது மானி காட்டுவது 48 நாட், திருத்திய வேகம் 53 நாட்.

பிறகுதான் இழுவிசை, அதாவது காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசை. என்ஜினை நிறுத்தி, புரொப்பெல்லர் காற்றில் சுழல, ஃபிளாப் ஏற்றிய நிலையில் 68 நாட்டில் சறுக்கவிடுங்கள். ஆயிரம் அடி இறங்குவதற்குள் சுமார் ஒன்றரை கடல் மைல் போக வேண்டும். கடல்மட்டத்தில் இது நிமிடத்துக்கு ஏறத்தாழ 750 அடி இறக்கம். இது பொருந்தாமல் என்ஜின் சக்தியைத் தொடக்கூடாது; இழுவிசைத் தவறைச் சக்தியால் மூடினால் பறக்கும் வேகம் சரியாக வரும், ஏறும் வேகம் வராது. சறுக்கல் சரியான பிறகு, உச்ச எடையில் முழு திராட்டிலில் 74 நாட்டில் நிமிடத்துக்கு 730 அடி ஏறுகிறதா என்று பாருங்கள். தரையில் நிற்கும்போதே என்ஜின் சுழற்சி நிமிடத்துக்கு 2700-ஐத் தொட்டால் புரொப்பெல்லர் எண்கள் தவறு.

நிலைத்தன்மைக்கு ஒரே சோதனை போதும். 100 நாட்டில் டிரிம் செய்து (கையை எடுத்தாலும் அதே வேகத்தில் பறக்கும்படி அமைத்து), மூக்கைத் தூக்கி வேகத்தை 90 நாட்டுக்குக் கொண்டுவந்து கையை எடுத்துவிடுங்கள். விமானம் மெதுவாக ஏறி இறங்கி அலைய வேண்டும். ஒரு அலைக்கு ஏறத்தாழ 25 வினாடி. அலையே இல்லாமல் மூக்கு ‘டக்’கென்று நேராகி நின்றால், தணிப்பை யாரோ அளவுக்கு மீறிக் கூட்டியிருக்கிறார்கள். தானியங்கி ரட்டரை (மூக்கை இடவலம் திருப்பும் வால் தகட்டைச் சிமுலேட்டரே இயக்கும் வசதி) அணைத்துவிட்டு எய்லரானை (விமானத்தை உருளச் செய்யும் இறக்கைத் தகடு) மட்டும் இடப்பக்கம் கொடுத்தால் மூக்கு முதலில் சற்று வலப்பக்கம் போக வேண்டும். போகாவிட்டால் அந்த எதிர்த்திருப்பமும் கோப்பில் விடுபட்டிருக்கிறது.

சோதனைகள் எல்லாம் காற்றில்லாத வானில், 15 டிகிரி செல்சியஸ், 1013.25 ஹெக்டோபாஸ்கலில், ஒரு நேரத்தில் ஒரே எண்ணை மாற்றித்தான் செய்ய வேண்டும். இனி இப்படிப்பட்ட கட்டுரைகள் வெளியிடும்போது, சோதித்த எடை, ஈர்ப்பு மையம், சொல்லப்படும் வேகம் மானியுடையதா திருத்தியதா என்ற மூன்றையும் சேர்த்து அச்சிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்