பாம்பன் கருவாட்டுக் கடை அக்காவுக்கு

அக்கா, உங்கள் பெயரைக் கேட்காமலே பஸ் ஏறிவிட்டேன். அதனால்தான் இந்தப் பதிவு.

நான் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் ஆபீசர். காப்பீட்டுத் துறையை ஒழுங்குபடுத்தும் ஆணையமான ஐஆர்டிஏஐயின் விதிகளை எங்கள் ஆட்கள் மதிக்கிறார்களா என்று பார்ப்பது வேலை. விசைப்படகுகளுக்கான 61 நாள் தடைக்காலத்தில், உங்கள் ஊரில் விற்ற பாலிசிகளைச் சரிபார்க்க வந்தேன். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் கடன் வசூலுக்கு வந்தவன் என்று கதவைச் சாத்தினார்கள். (நானாக இருந்தாலும் சாத்தியிருப்பேன்.)

நீங்கள்தான் நெத்திலியைச் சாக்கால் மூடிவிட்டு எழுந்தீர்கள். "அந்த அட்டையை முதல்ல கழட்டிப் பையில வையி தம்பி."

ஒரு வீட்டில் பாலிசிப் பத்திரம் அரிசிப் பானைக்குள்ளிருந்து வந்தது. படிவத்தில் கைநாட்டு. 'படித்துக் காட்டி விளக்கினேன்' என்ற உறுதிமொழிக்குக் கீழே எங்கள் ஏஜென்ட்டின் கையெழுத்து, ரொம்ப அழகாக. நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "இது ஒரு தடவை போடுற டெபாசிட்டா, வருஷா வருஷம் கட்டணுமா?" டெபாசிட் என்றார் அந்த அம்மா. அது பத்து வருஷம் கட்ட வேண்டிய பிரீமியம். நான் தயாரித்த 22 கேள்விகளில் இது இல்லை.

பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் வேண்டாமென்று திருப்பலாம். அவருக்கு 4 நாள் மிச்சமிருந்தது. கடிதத்தை உங்கள் தராசுக்குப் பக்கத்தில் வைத்துத்தான் எழுதினோம். முத்திரைச் செலவு, அதுவரையிலான நாட்களின் காப்பீட்டுக்கான கட்டணம் போக மீதிப் பணம் வந்துவிட்டது.

அப்புறம், நீங்கள் காசு வாங்காமல் கொடுத்த பொட்டலம். ஆபீஸ் பரிசுப் பதிவேட்டில் 'நெத்திலிக் கருவாடு, கால் கிலோ' என்று எழுதிவிட்டேன்.