கேள்வி கேட்ட பிள்ளைக்காக, எங்கள் சபைக் கமிட்டிக்கு

மதிப்புக்குரிய போதகர் ஐயா அவர்களுக்கும், கமிட்டியில் இருக்கும் அண்ணன்மார், அக்காமார் அனைவருக்கும் ஸ்தோத்திரம்.

ஆறு வாரத்துக்கு முன்னால், வெள்ளிக்கிழமை வாலிபர் கூட்டத்தில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அங்கே இல்லாதவர்களுக்கும் அன்று சாயங்காலத்துக்குள் வாட்சப்பில் தெரிந்துவிட்டது. அதனால் முழுக்கதையும் சொல்லப் போவதில்லை. நான் கேட்பது ஒன்றுதான். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகள் பயமில்லாமல் கேள்வி கேட்கட்டும். வேதம் படித்த ஒருவர் பொறுமையாகப் பதில் சொல்லட்டும்.

என் மகள் கேட்டது இது: “பாட்டி ஞானஸ்நானம் எடுக்கல. அப்ப பாட்டி நரகத்துலயா இருக்காங்க?”

கிடைத்த பதில்: “இது பிசாசு கேட்க வைக்கிற கேள்வி.” அப்புறம் அவளை முன்னால் வரச் சொல்லி, நாலு பேர் தலையில் கை வைத்து, மைக்கைப் பிடித்து ஜெபித்தீர்கள். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதப் போகிற பதினேழு வயதுப் பெண் பிள்ளை. அவள் அழுததைப் பார்த்து “அபிஷேகம் இறங்குது” என்று யாரோ சொன்னார்களாம். அது அபிஷேகம் இல்லை, அவமானம்.

அந்தப் பாட்டி என் அம்மா. விடிவதற்கு முன்னால் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போய், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவர். மரத்தை அழித்துச் செம்பனை நட்ட பிறகு மருந்தடிக்கப் போனார். கடைசி வரைக்கும் மாரியம்மனைத்தான் கும்பிட்டார். கல்யாணத்துக்கு முன்பு நான் ஞானஸ்நானம் எடுத்தபோது ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. நானும் மனைவியும் கூலிம் ஹைடெக் தொழிற்பேட்டைப் பக்கம் ஷிப்ட் வேலை. வெள்ளிக்கிழமை இரண்டு பேருக்கும் வேலை விழுந்தால், அம்மாதான் பிள்ளைக்குத் தலைவாரி, கவுன் மாட்டி, சபைக்குக் கூட்டி வருவார். உள்ளே வரமாட்டார். வாசல் மாமரத்தடி பெஞ்சில் வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருப்பார். மழை வந்தால் குடையை விரித்துக்கொண்டு அதே பெஞ்சில். இப்படி எட்டு வருடம். “உள்ளே வாங்கம்மா” என்று கூப்பிட்டவர்கள் யார் யார் என்று வீட்டுக்கு வந்து பெயரோடு சொல்வார். எண்ணுவதற்கு ஒரு கை போதும்.

என் மகளுக்கு முதன்முதலில் பைபிள் வாங்கக் காசு கொடுத்ததும் அவர்தான். பிள்ளை கேட்டது அவரைப் பற்றி.

இப்போது அந்தப் பெஞ்சில் என் மகள் உட்கார்கிறாள். எங்களோடு காரில் வருகிறாள், உள்ளே வருவதில்லை.

அவள் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. தேடிப் பார்த்தேன். ரோமர் இரண்டாம் அதிகாரத்தில், நியாயப்பிரமாணம் இல்லாத புறஜாதியாரின் இருதயத்திலும் அதன் கட்டளை எழுதியிருக்கிறது என்கிறார் பவுல். கத்தோலிக்கர்கள் 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்தில் இதைப் பேசி, தன் குற்றமில்லாமல் சுவிசேஷத்தை அறியாதவர்களுக்கும் இரட்சிப்பின் வாசல் மூடியில்லை என்று எழுதி வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் அதை ஏற்காதவர்கள் நிறைய இருக்கிறார்கள் என்பதும் தெரியும். சரி, கடினமான பதிலாகவே இருக்கட்டும். ஆனால் பதிலாக இருக்க வேண்டும். உயிர்த்தெழுந்தவரை நம்பாத தோமாவின் தலையில் கை வைத்து யாரும் பிசாசை ஓட்டவில்லை. ஆண்டவர் காயத்தைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார்.

பள்ளியில் இவளுடைய மலாய்த் தோழி ஒருத்தி, கிண்டலாக இல்லை, உண்மையாகவே கேட்டாளாம்: கடவுள் ஒருவர் என்கிறீர்கள், அப்புறம் ஏன் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்று மூன்று? பிள்ளை முழித்திருக்கிறாள். 325இல் நிசேயாவில் ஆயர்கள் கூடி வாதாடியும் தீராமல், 381இல் கான்ஸ்டான்டிநோபிளில் மறுபடி கூடிப் பேசிய விஷயம் இது. நம் பிள்ளை மட்டும் யாரும் சொல்லித்தராமல் கேண்டீனில் நின்று சொல்லிவிட வேண்டும். நம் மலேசியாவில் அதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அரசமைப்பின் 11ஆவது பிரிவு நம் மதத்தைப் பின்பற்றும் உரிமையைத் தருகிறது. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, முஸ்லிம்களிடையே வேறு மதம் பரப்புவதைச் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த இடம் கொடுக்கிறது. தோழி கேட்டால் எந்த அளவு பேசலாம், எங்கே நிறுத்த வேண்டும் என்று பிள்ளைக்கு யார் சொல்வது? டிக்டாக்கா?

கேட்கக்கூடாது என்ற பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று புரியவில்லை. 1706இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, சில வருடம் கழித்துத் தன் கூட்டாளிகளோடு சேர்ந்து அங்கிருந்த இந்துக்களுக்கே கேள்விகளை எழுதி அனுப்பி, அவர்கள் எழுதிய பதில்களை ஜெர்மனுக்கு மொழிபெயர்த்து ஊருக்கு அனுப்பி வைத்தார். வெள்ளைக்காரக் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் வெளுத்து வாங்கிய பதில்களும் அதில் இருந்தன. அவற்றையும் அனுப்பினார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? ஆடியோ மிக்ஸருக்குப் பதினெட்டாயிரம் வெள்ளி (ரிங்கிட்). சென்னையிலிருந்து வரும் ஊழியக்காரருக்கு விமான டிக்கெட், ஹோட்டல், பேனரில் ஆளுயரப் படம். மூன்று நாள் கூட்டத்தில் கார் வரும், வீடு வரும், புரோமோஷன் வரும் என்று தீர்க்கதரிசனம். எனக்கு வந்தது நைட் ஷிப்ட்தான். பக்கத்துக் கோயில் திருவிழாவைப் பற்றி மேடையிலிருந்து கேலி வேறு. நம்மில் பாதிப் பேருக்குச் சித்தப்பாவும் அத்தையும் அந்தத் திருவிழாவில்தான் இருக்கிறார்கள் என்பது ஞாபகமில்லை. கெடா மாநிலத்தில் ஞாயிறு பள்ளிக்கூட நாள் என்பதால் நம் ‘ஞாயிறு பள்ளி’ வெள்ளிக்கிழமை காலையில் நடக்கிறது. அதில் இருபது வருடமாக அதே நோவாவின் பேழைக்கு அதே கலர் அடிக்கிறார்கள் பிள்ளைகள். பதினைந்து வயதுக்கு மேல் கலர் பென்சிலும் இல்லை, பாடமும் இல்லை, கைதட்டல் மட்டும்தான்.

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், மன்னிக்கவும். மிக்ஸர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பழையது இரைகிறது, அது எனக்கும் தெரியும்.

மாதத்தில் ஒரு மணி நேரம்தான் கேட்கிறேன். நம் போதகருக்கு நேரமில்லை என்றால் சுங்கை பட்டாணியிலிருந்தோ பட்டர்வொர்த்திலிருந்தோ இறையியல் படித்த ஒருவரை அழைக்கலாம். பெட்ரோல் காசு நான் தருகிறேன். “எனக்குத் தெரியாது, படித்துவிட்டு அடுத்த மாதம் சொல்கிறேன்” என்று அவர் சொன்னாலும் பரவாயில்லை. மைக் மட்டும் வேண்டாம். நாற்காலியை வட்டமாகப் போட்டால் போதும். டீயும் வடையும் என் மனைவி பொறுப்பு.

இன்னொன்றும் தாழ்மையாகக் கேட்கிறேன். அன்று கை வைத்த நாலு பேரில் ஒருவராவது என் மகளிடம் வந்து பேசுங்கள். ஜெபிக்க வேண்டாம், பேசினால் போதும். வீட்டுக்கு வர வேண்டிய அவசியமும் இல்லை. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு எங்கே இருப்பாள் என்று உங்களுக்குத் தெரியும்.

வரும் சனிக்கிழமை கமிட்டிக் கூட்டம் என்று கேள்விப்பட்டேன். பேச வேண்டியவற்றில் இதையும் தயவுசெய்து சேர்த்துக்கொள்ளுங்கள். தாளில் இடமில்லை என்பார் செயலாளர் அண்ணன். மிக்ஸருக்குக் கீழே ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் சபையில் மூன்றாவது வரிசையில் உட்காரும் ஒரு தகப்பன்
பாடாங் செராய், கெடா