'மே'யும் 'தே'யும்: ஒரு எழுத்துப் பிழையால் கசந்துபோன இஞ்சி குக்கீ

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய ஞாயிறு இணைப்பில், விடுமுறைக்கு வரும் பிள்ளைகளுக்குச் செய்து கொடுக்க 'மென்மையான இஞ்சி குக்கீ' என்று ஒரு செய்முறை போட்டிருந்தீர்கள். அதை நம்பி ஒரு ஈடு மாவையும் நல்ல வெண்ணெயையும் பாழாக்கியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். சண்டைக்கு வரவில்லை. ஆனால் கிறிஸ்துமஸ், பொங்கல் என்று அடுத்தடுத்து விடுமுறை வருகிறது, இன்னும் எத்தனை வீட்டில் அந்தப் பக்கத்தைக் கத்தரித்து வைத்திருக்கிறார்களோ தெரியாது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதல் தப்பு ஒரே ஒரு எழுத்து. 'சமையல் சோடா 1 மே.க.' என்று அச்சாகியிருக்கிறது. அது 'தே.க.' என்று இருந்திருக்க வேண்டும். தேக்கரண்டி 5 மில்லி, மேசைக்கரண்டி 15 மில்லி, அதாவது மூன்று மடங்கு சோடா. எனக்குக் கை கொஞ்சம் தயங்கியது, அரைப்படி இட்லி மாவுக்கே நான் ஒரு சிட்டிகைக்கு மேல் போடுகிறவள் இல்லை. ஆனாலும் அச்சில் வந்ததை நம்பிப் போட்டுவிட்டேன். அடுப்பில் வைத்த ஐந்தாவது நிமிடத்திலேயே குக்கீ எல்லாம் பொங்கி எழுந்து, பிறகு பொசுக்கென்று அமுங்கி, ஒன்றோடொன்று ஒட்டி, வெளியே எடுத்தபோது தட்டு முழுக்கக் கருஞ்சிவப்பாக ஒரே தோசை. சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கும் பேரன் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டுவிட்டு, மரியாதைக்காக ஒரு நிமிடம் மென்று, "ஆயா, சோப்பு மாதிரி இருக்கு" என்றான். பொய் சொல்லவில்லை. அளவுக்கு மிஞ்சிய சோடா சோப்பு வாடைதான் அடிக்கும்.

சரி, சோடாவைக் குறைத்து மறுபடி செய்தேன். இந்தத் தடவை இரண்டாவது தப்பில் மாட்டினேன். தலைப்பில் மென்மையான என்று போட்டுவிட்டு, கடைசி வரியில் 'நன்கு சிவந்து மொறுமொறுப்பாகும் வரை 20 முதல் 25 நிமிடம் சுடவும்' என்று முடித்திருக்கிறீர்கள். அவ்வளவு நேரம் சுட்டால் அது மென்மையாக எப்படி இருக்கும்? முகப்பில் பேத்தி கை தவறி ஒன்றைக் கீழே போட்டாள், ஆத்தங்குடிக் கல்தான் உடைந்துவிட்டதோ என்று நான் குனிந்து பார்த்தேன்.

மூன்றாவது, மொலாசஸ். கால் கப் மொலாசஸுக்கு எங்கே போவது? காரைக்குடியில் நாலு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் கல்லாவில் இருந்தவர், "மாட்டுத் தீவனத்துக்காங்க ஆச்சி?" என்று கேட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது, கரும்பாலையில் சர்க்கரை பிரித்தெடுத்தபின் மிஞ்சும் அந்தக் கருப்புப் பாகு நம் ஊரில் அதிகமாகப் போவது சாராய ஆலைக்கும் தீவனத்துக்கும்தானே. அது கிடைக்காவிட்டால் என்ன போடலாம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் என் வெயில் மிச்சம்.

மூன்றாவது ஈட்டுக்கு மொலாசஸை விட்டுவிட்டுக் கருப்பட்டியைக் கையில் எடுத்தேன். உடன்குடிக் கருப்பட்டி 100 கிராம் தட்டிப்போட்டு, அது நனையும் அளவு தண்ணீர் விட்டுக் கரைத்து, வடிகட்டி (வடிகட்டாமல் யாரும் செய்யாதீர்கள், அடியில் மண் நிற்கும்), கம்பிப் பதத்துக்கு முன்னாலேயே, தேன் மாதிரி கரண்டியில் வழியும்போது இறக்கி ஆறவிட்டேன். அதில் 80 கிராம் போதும். மொலாசஸில் இயல்பாகவே கொஞ்சம் புளிப்பு உண்டு, சோடா அந்தப் புளிப்போடு சேர்ந்துதான் பொங்குகிறது. கருப்பட்டியில் அந்த அளவு புளிப்பை எதிர்பார்க்க முடியாது, பதநீர் இறக்கும்போதே கலயத்தில் சுண்ணாம்பு தடவிவிடுகிறார்கள் இல்லையா. அதனால் ஒரு மேசைக்கரண்டி (இது நிஜமாகவே மேசைக்கரண்டி!) கெட்டித் தயிர் சேர்த்துக்கொண்டேன். சோப்பு வாடை போன இடம் தெரியவில்லை.

அப்புறம் இஞ்சி. நீங்கள் 'இஞ்சி விழுது' என்று போட்டிருக்கிறீர்கள். பச்சை இஞ்சி மாவை ஈரமாக்குவதோடு சரி, சூட்டில் அதன் காரமும் தணிந்துபோகிறது. இதற்குச் சுக்குதான் சரி. பச்சை இஞ்சியின் காரம் ஜிஞ்சரால் என்ற சத்திலிருந்து வருவதாகவும், காய்ந்து சுக்காகும்போது அது ஷோகால் என்று மாறிக் காரம் ஏறுவதாகவும் மருந்தியல் படித்த என் மகள் சொல்கிறாள். எங்கள் ஆத்தாவுக்கு இந்தப் பெயரெல்லாம் தெரியாது, ஆனால் அதிரச மாவில் சுக்கும் ஏலமும்தான் விழுமே தவிர ஒருநாளும் பச்சை இஞ்சி விழுந்ததில்லை. சுக்குக்குப் புறணி நஞ்சு என்பார்கள், மேல்தோலைச் சுரண்டிவிட்டு இடித்து மெல்லிய துணியில் சலித்தால் நார் நாராக வாயில் அகப்படாது. இரண்டு டீஸ்பூன் சுக்குப்பொடி, ஒரு டீஸ்பூன் பட்டைப்பொடி, கால் டீஸ்பூன் கிராம்புப்பொடி. கிராம்பு அதற்கு மேல் போனால் பல்வலி மருந்து மாதிரி ஆகிவிடும். பட்டையில் சுருள் பட்டை என்று மெல்லிசாக அடுக்கடுக்காக இருக்கும் இலங்கைப் பட்டை கிடைத்தால் நல்லது, பிரியாணிக்குப் போடும் தடிப் பட்டை கொஞ்சம் முரடு.

மீதி அளவையும் சொல்லிவிடுகிறேன், கப் கணக்கில் இல்லை, தராசில். மைதா 280 கிராம், உப்புப் போடாத வெண்ணெய் 150, பொடித்த நாட்டுச்சர்க்கரை 150, முட்டை ஒன்று, சோடா ஒரு டீஸ்பூன் தலைதட்டி, உப்பு ஒரு சிட்டிகை, மேலே சொன்ன பாகு, தயிர், பொடிகள். வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, முட்டை, பாகு, தயிர் சேர்த்து, கடைசியில் மாவையும் சோடாவையும் பொடிகளையும் சலித்துப் போட்டுக் கூட்ட வேண்டும், பிசையக் கூடாது. எங்கள் வீட்டில் பிள்ளையார் நோன்பு வரை முட்டை அடுப்படிக்குள் வராது. திருக்கார்த்திகை நாளிலிருந்து 21 நாள் எண்ணி இழை (நூல் திரி) எடுக்கும் அந்த நோன்பு பெரும்பாலும் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் வரும். அந்த நாட்களில் செய்வதாக இருந்தால் முட்டைக்குப் பதில் இன்னும் மூன்று மேசைக்கரண்டி கெட்டித் தயிர். கொஞ்சம் பரவும், ருசியில் குறை இல்லை.

மாவைக் கூட்டியதும் அரைமணி நேரம் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்பதையும் உங்கள் செய்முறை விட்டுவிட்டது. எழுதியவர் ஊட்டிக்காரரோ என்னவோ. எங்கள் பக்கம் மார்கழியிலும் மத்தியானம் வெயில் காயும், வெண்ணெய் கையிலேயே உருகும். நெல்லிக்காயைவிடக் கொஞ்சம் பெரிதாக உருட்டி, சர்க்கரையில் ஒரு புரட்டுப் புரட்டி, நல்ல இடைவெளி விட்டு அடுக்கி, முன்னதாகவே 180 டிகிரிக்குச் சூடேறிய அவனில் 10 நிமிடம்.

எல்லாரும் கோட்டைவிடுவது அந்தப் பத்தாவது நிமிடத்தில்தான். ஓரம் மட்டும் இறுகியிருக்கும், நடுவில் உப்பலாக, மேலே வெடித்த கோடுகளுக்குள் ஈரமாகத் தெரியும், விரல் வைத்தால் குழி விழும். பார்க்கிறவர்கள் வேகவில்லை என்றுதான் சொல்வார்கள். மனதைக் கல்லாக்கிக்கொண்டு எடுத்துவிட வேண்டும். தட்டிலேயே ஐந்து நிமிடம் விட்டால் தட்டின் சூட்டில் மிச்சத்துக்கு வெந்து தானே இறுகும். அதிரசத்தை எண்ணெயிலிருந்து எடுக்கும்போது தொளதொளவென்றுதானே இருக்கிறது? அதைச் சிவக்கட்டும் என்று விட்டுவைத்தால் மறுநாள் பல் போகும். இதுவும் அதே கணக்கு. பாகுப் பலகாரத்துக்கு இன்னொரு குணமும் உண்டு, வெல்லமும் கருப்பட்டியும் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். வெறும் வெள்ளைச் சர்க்கரையில் செய்தால் இந்த மெத்து கிடைக்காது. இரண்டு விதமாகவும் செய்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

நானும் ஒரு தப்பு செய்தேன், அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். எங்கள் ஐயா ரங்கூனில் இருந்தபோது வாங்கி வந்த பிஸ்கட் டின் ஒன்று வீட்டின் இரண்டாங்கட்டு அறையில் இருக்கிறது, 1942க்கு முந்தியது, இங்கிலாந்து ஹன்ட்லி அண்ட் பாமர்ஸ் டின், படம் பாதி உரிந்துவிட்டது, மூடி மட்டும் இன்றைக்கும் கச்சிதம். ஆசையாகக் குக்கீயை அதில் போட்டேன். ஏற்கெனவே உள்ளே சீப்புச் சீடை கிடந்தது, இடம் இருக்கிறதே என்று நடுவில் ஒரு காகிதத்தை வைத்து மேலே அடுக்கிவிட்டேன். இரண்டே நாளில் குக்கீயின் ஈரமெல்லாம் சீடைக்கு இறங்கி, சீடை நமத்து, குக்கீ விறைத்து, இரண்டும் கெட்டது. மெத்துப் பலகாரத்தையும் மொறுமொறுப்பான பலகாரத்தையும் ஒரே டின்னில் வைக்கக் கூடாது என்று ஆத்தா சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்தது. விறைத்த குக்கீயோடு ஒரு ரொட்டித் துண்டைப் போட்டு ஒரு ராத்திரி மூடி வைத்தேன், ஓரளவு இளகியது. சீடை போனது போனதுதான்.

போன வாரம் ஒரு வாசகர் இதே பகுதியில், 'நம் பலகாரங்கள் இருக்க இந்த வெள்ளைக்காரப் பண்டம் எதற்கு' என்று எழுதியிருந்தார். அவருக்கும் ஒரு வார்த்தை. இதில் வெள்ளைக்காரச் சரக்கு என்று எதைச் சொல்கிறார்? மலையாளக் கரையிலிருந்து இஞ்சியும் சுக்கும் ரோமாபுரிக் காலத்திலேயே கப்பலேறியிருக்கின்றன. உலகச் சந்தையில் நல்ல சுக்குக்கு இன்றைக்கும் கொச்சின் என்றுதான் பெயர். பட்டை இலங்கை, கருப்பட்டி உடன்குடி. சுடுவது மட்டும்தான் அவர்கள் வழி. கடல் கடந்து போன ஊர்களிலிருந்தெல்லாம் கவுனி அரிசி உட்பட எதை எதையோ கொண்டுவந்து நம்முடையதாக்கிக்கொண்ட ஊர் இது, ஒரு குக்கீக்கா இடம் இல்லை? எதிர்வீட்டிலிருந்து கிறிஸ்துமஸுக்கு அச்சுமுறுக்குத் தட்டு வரும்போது, தட்டை வெறுமனே திருப்பித் தராமல் இந்த வருஷம் பத்து குக்கீ வைத்துக் கொடுக்கப்போகிறேன். எங்கள் செட்டிநாட்டுப் பலகாரமான மணகோலம் எங்கேயும் ஓடிவிடாது, அது பொங்கலுக்கு.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. வரும் ஞாயிறே அந்தச் செய்முறைக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் பொடி எழுத்தில் இல்லாமல் அதே பக்கத்தில், அதே அளவில். இனிமேல் மே.க., தே.க. என்று சுருக்காமல் டேபிள்ஸ்பூன், டீஸ்பூன் என்று முழுசாகவே அச்சடியுங்கள், மாவுக்கும் வெண்ணெய்க்கும் கிராமில் அளவு கொடுங்கள், என் வீட்டு டம்ளரும் உங்கள் வீட்டுக் கப்பும் ஒன்றில்லை. எத்தனை டிகிரி என்பதையும், எடுக்கும்போது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அச்சுக்கு அனுப்பும் முன் யாராவது ஒருவர் வீட்டில் ஒரு தடவை செய்து பார்த்தால் இன்னும் நல்லது.

பிள்ளைகள் 29ஆம் தேதி கிளம்புகிறார்கள், அங்கே ஜனவரி முதல் வாரம் பள்ளிக்கூடம் திறந்துவிடும். கையில் கொடுத்துவிட இன்னும் ஒரு ஈடு சுட வேண்டும். வெண்ணெயை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன், இந்நேரம் இளகியிருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.